மாற்று டிரைவர்

அழகேசன் குளிக்கப் போனாலும் ஒரு காதை வெளியே வைத்துவிட்டுத்தான் போவான் என்று ஸ்டேஷனில் கேலி பேசுவார்கள். கேலி என்றாலும் அதில் பொய்யில்லை. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே, மருதையாற்றை ஒட்டியிருந்த அந்தச் சின்னத் தீயணைப்பு நிலையத்தில் வண்டி ஒன்றுதான், அதை ஓட்டும் டிரைவரும் அவன் ஒருவன்தான். விதிப்படி இன்னும் இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒருவர் ஓய்வு பெற்றுப் போனார், அவர் இடம் அப்படியே காலியாகக் கிடக்கிறது. இன்னொருவரை மழைக்காலத்துக்கு மட்டும் என்று சொல்லிச் சென்னைக்கு அழைத்துக்கொண்டார்கள். எந்த வருஷத்து மழை என்று சொல்லவில்லை போலும், ஆள் திரும்பவே இல்லை.

சென்னையைக் குறை சொல்லியும் பயனில்லை. அங்கே மாடிக்கு மேல் மாடி. அதற்கு நீண்டு நிமிரும் ஏணி வண்டி வேண்டும், அந்த வண்டிக்கு ஆள் வேண்டும். இங்கே உயரமானது என்றால் கோயில் கோபுரத்தை விட்டால் சிமெண்ட் ஆலைப் புகைபோக்கி. திட்டம் போடுகிறவர்கள் அண்ணாந்து பார்த்தே பழகிவிட்டார்கள். கூரை வீட்டைப் பார்க்க வேண்டுமானால் கொஞ்சம் குனிய வேண்டும்.

அழகேசன் அந்த ஊர்க்காரன். அவன் அப்பா செல்லமுத்து வானம் பார்த்த காட்டில் மக்காச்சோளமும் பருத்தியும் போட்டவர். அழகேசனுக்கு மண்வெட்டியை விட ஸ்டியரிங் பிடித்துப்போனது. ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினான். முகத்தில் வெள்ளைத் தூசி அப்பி, பேயறைந்தவன் மாதிரி வீட்டுக்கு வருவான். அரசாங்க வேலை கிடைத்து சிவப்பு வண்டியின் சீட்டில் முதன்முதலாக உட்கார்ந்த அன்று தெருவில் எல்லோருக்கும் காராபூந்தி வாங்கிக் கொடுத்தான். திருமானூரிலிருந்து மலர்கொடியைக் கட்டினான். ரஞ்சனி பிறந்தாள். அதுவரைக்கும் அவன் வாழ்க்கையில் சொல்லிக்கொள்ள ஒரு குறையும் இல்லை.

ரஞ்சனிக்கு நான்கு வயதில் வலிப்பு வந்தது. அவன் கையிலேயே பிள்ளை வெட்டி வெட்டி இழுத்து, கண் மேலே செருகிக்கொண்டது. பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு ஓடும் வழியில், ‘ஆத்தா, இவளை விட்டுடு, நான் உனக்குப் பூ மிதிக்கிறேன்’ என்று வேண்டிக்கொண்டான். டாக்டர் மாத்திரை கொடுத்தார். வலிப்பு நின்றது. மாத்திரையால் நின்றதா, மாரியம்மனால் நின்றதா என்று அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துவிட்டார்கள்.

பூ மிதிப்பது என்றால் கங்கு நிரம்பிய குழியில் இறங்கி நடப்பது. அதற்குக் காப்புக் கட்ட வேண்டும். மஞ்சள் கயிறு மணிக்கட்டில் ஏறிவிட்டால் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வேண்டுதல் முறிந்துபோகும், யாருக்காக வேண்டினோமோ அவர்கள் மேலேயே அது திரும்பும் என்பது ஊர் நம்பிக்கை. மற்றவர்கள் எட்டு நாள் காப்போடு இருப்பார்கள். எந்த நிமிஷமும் எல்லை தாண்ட வேண்டிய வேலையில் இருப்பவன் என்ன செய்வான்? பூசாரி ராசாங்கம் இறங்கி வந்தார். "ஒனக்கு மட்டும் மிதிக்கிற அன்னிக்குக் காலைல கட்டி விடுறேன்டா. ஆத்தா சம்பளக்காரனப் புரிஞ்சிக்குவா," என்றார். நிலைய அலுவலர் அமிர்தலிங்கமும் நல்ல மனுஷர். அந்த ஒரு நாள் வெளியூர் அழைப்புகளைப் பக்கத்து ஸ்டேஷன் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தார். நம் வண்டி திருவிழாப் பாதுகாப்புக்கு என்று கோயில் திடலில், குழிக்குப் பக்கத்திலேயே நின்றது.

சாயங்காலம் கரகம் வந்துவிட்டது. பம்பையும் உடுக்கையும் காதைப் பிளந்தன. மஞ்சள் வேட்டியும் ஈரத் தலையுமாக அழகேசன் வரிசையில் நின்றான். அப்போது அமிர்தலிங்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கரும்புக்காட்டில் பிடித்த தீ, கூரை வீடுகளில் ஏறிவிட்டது. பக்கத்து ஸ்டேஷன் வண்டி நெடுஞ்சாலையில் எரியும் ஒரு லாரிக்குப் போயிருந்தது.

"அழகேசா, போன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா வேற ஆளு இல்லய்யா," என்றார்.

ஊரில் டிராக்டர் ஓட்டுகிறவர்கள் ஏராளம். ஆனால் துறை வண்டியை வெளியாள் தொட்டால் அமிர்தலிங்கத்தின் வேலை போகும், தண்ணீர் நிரம்பிய வண்டி வளைவில் ஆடும் ஆட்டம் தெரியாதவன் தொட்டால் ஏறியிருக்கும் வீரர்களின் உயிர் போகும். அழகேசன் வரிசையை விட்டு விலகினான். மலர்கொடி ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போவாதீங்க. புள்ளைக்காவ வேண்டுனதுங்க. மொதல்ல எறங்கி ஏறிட்டுப் போங்க. ஒரு நிமிஷந்தான?"

ஒரு நிமிஷத்தில் முடிகிற காரியமா அது? அவனுக்கு முன்னால் நீளமான வரிசை. அவன் இழுத்தான், அவள் விடவில்லை. காலில் விழுந்தாள், எழுந்து மறுபடியும் பிடித்தாள். ரஞ்சனி பயந்து அழுதாள். ராசாங்கம் அருள் வந்தவர்களைப் பிடிப்பதா இவர்களைப் பிரிப்பதா என்று தவித்தார். கடைசியில் அழகேசன் அவளை உதறிவிட்டு, வெறுங்காலோடு வண்டியில் ஏறினான். எல்லைக் கல்லைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது, டிரைவருக்கு அந்த வசதியும் கிடையாது.

அங்கே இருந்த வீடுகளில் பாதியைக் காப்பாற்றினார்கள். ஒரு வீட்டில் தூளியில் குழந்தை இருந்தது. அதன் அம்மா இருசம்மாள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்திருக்கிறாள். வீரர்கள் குழந்தையை வெளியே கொண்டுவந்தபோது உடம்பில் சூடுபட்ட தடம்கூட இல்லை. புகைதான். கொஞ்ச நேரத்துக்கு முன்பு வரை அழுதது என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். மஞ்சள் வேட்டியும் கழுத்தில் வேப்பிலையுமாக நின்ற அழகேசனை இருசம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். சாமி வந்துவிட்டது என்றே நினைத்தாளோ என்னவோ.

"இப்பதான் வழி தெரிஞ்சுதா சாமி?" என்று கேட்டாள்.

அதட்டவில்லை, சபிக்கவில்லை. வீட்டுக்கு வந்த உறவுக்காரரைக் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டாள். அந்தக் குரல் அன்றிலிருந்து அழகேசனை விடவில்லை. வண்டியில் பம்ப் ஓடும்போது அந்தக் குரல் கேட்கும். குக்கர் விசில் அடங்கும்போது கேட்கும். தூளி கட்டிய வீட்டுக்குள் அவன் கால் வைப்பதே இல்லை, விருந்தென்று கூப்பிட்டாலும் வாசலோடு திரும்பிவிடுவான்.

அது போதாதென்று அடுத்த மாதமே ரஞ்சனிக்கு மறுபடியும் வலிப்பு வந்தது. மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது என்று டாக்டர் கத்தினார். அழகேசன் தலையாட்டினான். டாக்டர் சொல்வது அவன் புத்திக்கு ஏறியது. மனசுக்கு ஏறவில்லை. வேண்டுதலையும் முறித்தான், அந்தக் குழந்தையிடமும் வேளைக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டு பக்கமும் கெட்டவன் ஆனான். இன்னொரு டிரைவர் அன்று சீட்டில் இருந்திருந்தால் இரண்டுமே நடந்திருக்காது என்ற நினைப்பு அவனை அரித்துத் தின்றது.

மலர்கொடி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், பிள்ளைக்கு வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தாள். ஆனால் அவன் முகத்தை நேரே பார்ப்பதை விட்டுவிட்டாள். உதறிவிட்டுப் போனதை மன்னிக்கவில்லை என்று அவன் புரிந்துகொண்டான். ஏசினால் கூடத் தேவலை என்று ஏங்கினான்.

குழந்தை செத்ததால் மேலேயிருந்து ஆய்வுக்கு வந்தார்கள். சுவரில் வரைபடத்தை விரித்து ஸ்டேஷனைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்கள். அத்தனை ஊரும் வட்டத்துக்குள் அழகாக அடங்கிவிட்டது. அந்த வட்டத்துக்கு ரயில்வே கேட் தெரியாது, கல் லாரிகள் அடைத்துக்கொண்டு நிற்கும் சாலை தெரியாது, வண்டிக்கு ஆள் உண்டா என்பதும் தெரியாது. என்ன தேவை என்று கேட்டபோது, "ஒரு டிரைவர் சார்," என்றார் அமிர்தலிங்கம். சில மாதம் கழித்துக் கம்பி வெட்டும் எந்திரம் வந்தது. ரப்பர் படகு வந்தது. மூச்சுக் கருவிகள் பளபளவென்று வந்து இறங்கின. மூச்சு விடுகிற ஆள் ஒருத்தரும் வரவில்லை.

அடுத்த வருஷத் திருவிழாவுக்கும் மாற்று டிரைவர் கிடைக்கவில்லை. அழகேசன் குழிப் பக்கமே போகாமல் ஸ்டேஷனில் கிடந்தான். அந்த வருஷமும் ரஞ்சனிக்கு வலிப்பு வந்தது. மூன்றாவது வருஷத் திருவிழா நெருங்கியபோது, இந்தத் தடவையும் மிதிக்காமல் விட்டால் பிள்ளை தக்காது என்ற பயம் அவனைப் பிடித்துக்கொண்டது. அமிர்தலிங்கம் எங்கெங்கோ பேசி, பிரேம் என்கிற டிரைவரை அந்த ஒரு நாளுக்கு வாங்கிவிட்டார். அழகேசன் சந்தோஷத்தில் புது மஞ்சள் வேட்டி வாங்கி வந்தான்.

திருவிழா அன்று காலை தகவல் வந்தது. பிரேமை வேறு மாவட்டத்தில் ஒரு பெரிய விழாப் பாதுகாப்புக்கு அனுப்பிவிட்டார்களாம். அமிர்தலிங்கம் அழகேசனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வண்டி ரிப்பேர்னு சொல்லிடறேன். ஒரு நாள்தான. கூப்புட்டா வேற ஸ்டேஷன் போயிக்கும். நீ போயி மிதிச்சுட்டு வாய்யா. ஒன்னப் பாக்க எனக்கே சகிக்கல."

ஒரு பொய். அதைச் சொன்னால் பிள்ளைக்கு நேர்ந்தது முடிந்துவிடும். அழகேசன் சரியென்று வீட்டுக்குப் போனான். குளித்தான், வேட்டி கட்டினான், காப்புக் கட்ட ராசாங்கம் முன்னால் கையை நீட்டினான். கயிறு மணிக்கட்டில் படும்போது கை தானாகவே பின்னால் வந்துவிட்டது. மறுபடியும் நீட்டினான். மறுபடியும் வந்துவிட்டது.

"என்னால முடியலங்க," என்றான் பூசாரியிடம். "இன்னிக்கு எங்கயாச்சும் ஒரு தூளி எரிஞ்சா நான் எங்க போவேன்?"

பக்கத்தில் நின்ற மலர்கொடி ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு ராசாங்கத்திடம் தன் கையை நீட்டினாள்.

"எனக்குக் கட்டுங்க."

"வேண்டுனது அவன்ல தாயி?"

"வேண்டுனது அவருதான். புள்ள எனக்கும் புள்ளதான? வண்டிக்கு மாத்தாளு இல்ல. இதுக்கு நான் இருக்கேன்."

ராசாங்கம் யோசித்தார், கட்டிவிட்டார்.

அன்று மாலை வண்டி அதே திடலில் நின்றது. அழகேசன் காக்கிச் சட்டையோடு ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். இறங்கிப் போய்ப் பக்கத்தில் நிற்கலாம் என்று அமிர்தலிங்கம் சொல்லியும் இறங்கவில்லை. குழியின் மறுகரையில், மிதித்தவர்கள் கால் நனைக்கப் பாலூற்றிய பள்ளத்தருகே, ரஞ்சனி தன் அத்தை ஜெயசுதாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெயில் சாய்ந்த நேரத்தில் கங்கு செக்கச் செவேலென்று கிடந்தது.

மலர்கொடியின் முறை வந்தது. எல்லோரும் ஓடித்தான் கடப்பார்கள், நாலைந்து எட்டில் மறுகரை வந்துவிடும். அவள் ஓடவில்லை. வரப்பில் நடக்கிற மாதிரி நடந்தாள். நடுவில் ஒரு கணம் நின்றேவிட்டாள். "ஓடு தாயி, ஓடு!" என்று கூட்டம் அலறியது. அழகேசன் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தான். அதற்குள் அவள் மறுகரை ஏறி, பிள்ளையைக் கட்டிக்கொண்டு பள்ளத்தில் சாய்ந்தாள்.

அன்று முழுக்க ஒரு அழைப்பும் வரவில்லை. யாரும் கூப்பிடவில்லை, எதுவும் எரியவில்லை. பொய் சொல்லியிருந்தாலும் ஒன்றும் கெட்டிருக்காது என்பது அழகேசன் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது.

அடுத்த நாள் காலையில் முதலுதவிப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தான். மலர்கொடியின் பாதங்கள் இரண்டும் கொப்புளித்துக் கிடந்தன. கொப்புளம் போட்டால் வேண்டுதலில் குற்றம் என்று ஊரில் அதற்குள் முணுமுணுப்புக் கிளம்பியிருந்தது. அவன் அவள் காலடியில் உட்கார்ந்து மருந்தைப் பிதுக்கினான்.

"என் குத்தம் ஒன் கால்ல வந்து நிக்குது மலரு. நான் அன்னிக்கு எல்லை தாண்டாம இருந்திருந்தா..."

"ஒங்க குத்தமா?" என்றாள் அவள். "இத்தினி நாளும் அப்பிடியா நெனச்சிக்கிட்டு இருந்தீங்க?"

அவன் விழித்தான்.

"ஒங்கள விடாமப் புடிச்சு நிறுத்துனது ஆருங்க? அந்தக் கொஞ்ச நேரந்தான அந்தப் புள்ளைக்கு இல்லாமப் போச்சு. ஒங்க மூஞ்சியப் பாத்தா அதான் நெனவுக்கு வரும். எந்த மொகத்தோட ஒங்களப் பாப்பேன்?" அவள் தன் பாதங்களைப் பார்த்தாள். "நேத்து ரஞ்சனிக்காவ எறங்குனேன். நடுவுல நின்னது மட்டும் இருசம்மா புள்ளைக்காவங்க."

அழகேசன் மருந்துக் குழாயைக் கீழே போட்டுவிட்டு, அந்தக் கால்களைத் தொடவும் முடியாமல், விடவும் முடியாமல், வாய்விட்டு அழுதான்.