நண்டுக்குக் கட்டின கலியாணச் சட்டை அளவு

வீடு ஒரு கரையில், வேலை மறுகரையில் என்று அல்லாடுகிற சகோதரங்களே, கொரோனாக் காலத்தில் நீங்கள் என்ன பாடுபட்டீர்கள்? நான் தையல்காரி. எங்கள் தொழிலில் ஊசி தொலைந்தால் சமாளிக்கலாம், அளவு தொலைந்தால் முடிந்தது கதை. வீடு படுவான்கரையில், தையல்கடை வாவிக்கு அங்கால், எழுவான்கரையில். நாளும் ‘பாதை’யில், அதுதான் ஆளையும் சைக்கிளையும் ஏற்றிப்போகிற தட்டைப் படகில், போய்வருவேன். திடீரென்று பாதையைக் கட்டிப்போட்டார்கள், பாலத்தையும் மறித்தார்கள். மறுகரைச் சுகந்தியின் கலியாணச் சட்டைத் துணி என் வீட்டில். அவள் தந்த அளவுச் சட்டையோ பூட்டின கடைக்குள். கலியாணம் வாற கிழமை!

பாலத்தடியில்

கடைத் திறப்பை, அதுதான் சாவியை, எடுத்துக்கொண்டு, மகளை மாமியிடம் விட்டிட்டு, பாலத்துக்குச் சைக்கிள் மிதித்தேன். இளம் சிங்களப் பொலிஸ்காரர் ஒருவர் மறித்தார்.

“மருந்து எடுக்கவா?”

“இல்ல சேர், கலியாணச் சட்டை தைக்க.”

அவர் மாஸ்க்குக்குள்ளால் பெருமூச்சு விட்டார்.

“நங்கி, தங்கச்சி, எனக்கும் கலியாணம் இரிக்கி. நானே ஊருக்குப் போக ஏலாம நிக்கிறன்.”

நாலு கயிறு

நல்லவேளை, மீன்பிடிக்கத் தடையில்லை. என் மாமாவும் சுகந்தியின் அப்பாவும் நடுவாவியில் தோணியில் சந்திக்கிறவர்கள். திரும்பிவந்து சுகந்திக்குப் போனில் விஷயத்தைச் சொன்னேன். அவள் வீட்டில் அளவுநாடா இல்லை. நூல்கயிற்றால் தன்னைச் சுற்றி அளந்து, மார்பு, இடுப்பு, நீளம், கை என்று நாலு துண்டு வெட்டி அப்பாவிடம் கொடுத்துவிட்டாள்.

மாமா கரையேறினார்.

“கயிறு எங்க மாமா?”

தாடையால் வாளியைக் காட்டினார். உள்ளே நாலு பெரிய நண்டு. நாலின் கால்களையும் சுகந்தியின் அளவுகளால் இறுக்கிக் கட்டியிருந்தார்! என் மகளுக்கு ஒரே சிரிப்பு. எனக்கு உயிர் போனது.

“ஐயோ, கயித்த அறுத்துக் கட்டினீங்களா?”

“அறுக்கக் கத்தி ஆருட்ட இருந்த? சும்மா சுத்தித்தான் கட்டினன். வெறுங்கையால நண்டப் பிடிச்சு வரச் சொல்றியா புள்ள?”

விருந்தாளிகள்

குறடால் நண்டைப் பிடித்துக்கொண்டு கயிற்றை அவிழ்த்தேன். நீளத்தை வைத்து எது மார்பு, எது கை என்று பிரித்தேன். நனைந்த கயிறு சுருங்கியிருக்குமே என்று பயந்து, உள்ளுக்கு இரண்டு விரல் துணி கூடுதலாக விட்டுத் தைத்தேன். சட்டை மீன்கூடைக்குப் பக்கத்திலேயே தோணியேறியது.

கலியாணத்தன்று காலை வீடியோ கோல். நான் நகத்தைக் கடித்தபடி பார்க்க, சுகந்தி கையைத் தூக்கினாள், ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“அக்கா, சட்டை அச்சொட்டா இரிக்கு. ஆனா எங்கட வீட்டுப் பூன ரெண்டும் மணவறைய விட்டுப் போகுதில்ல!”

இப்போது பாதை பழையபடி ஓடுகிறது, ஆனால் சந்தையில் நண்டு வாங்கினால் என் கண் இன்னும் முதலில் கயிற்றைத்தான் பார்க்கிறது. போன மாதம் சுகந்தி தன் மகளோடு கடைக்கு வந்தாள்.

“இவள்ர பிறந்தநாளுக்குச் சட்டை தைக்கோணும். கையெடுத்துக் கும்பிடுறன் அக்கா, நாடாவால அளந்து எடுங்க.”