கணவாய் ஏறிய ஆறு சிலிண்டர்

ஆர்லிஸ் ஹாக்ஸ்டனுக்கு முகங்கள் மறந்துபோகும்; வண்டிகள் மறக்காது. பாங்கில் யாராவது நலம் விசாரித்தால் ஒரு கணம் திருதிருவென்று விழிப்பாள். பிறகு, ‘ஓ, பழுப்பு நிற பிக்கப், இடது பக்கக் கண்ணாடி ரெண்டு தரம் மாத்தினது’ என்று நினைவு வந்ததும் முகம் மலர்ந்துவிடும். இருபத்து மூன்று வருஷம் கீன் மோட்டார்ஸில் உதிரிபாகக் கவுண்டரில் நின்றவளுக்கு அப்படித்தான் இருக்கும்.

சேஜ் ஃபோர்க்கில் புது வண்டி வாங்க அந்த ஒரு கடைதான். இரண்டு மேஜை, ஒரு காபி இயந்திரம், வாசலில் பத்துப் பன்னிரண்டு பிக்கப். விற்பனை மேஜையில் இருந்தவன் போன வசந்தத்தில் நகரத்துக்கு வேலை மாறிப் போனான். முதலாளி லோவெல் கீன் விளம்பரம் கொடுத்துப் பார்த்தார்; குளிர்காலம் எப்படி இருக்கும் என்று கேட்டுவிட்டு ஒருவரும் வரவில்லை. கடைசியில் கவுண்டர் பக்கம் திரும்பி, “ஆர்லிஸ், நீயே உக்காந்து பாரேன்” என்றார்.

அவள் உட்கார்ந்த நேரம் அப்படி. அந்த வருஷம்தான் எட்டு சிலிண்டர் எஞ்சின் போட்ட பிக்கப் இனி வராது என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அரசாங்க மைலேஜ் விதி வருஷத்துக்கு வருஷம் இறுகிக்கொண்டே வந்தது. ஒரு கம்பெனி விற்கிற வண்டிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சராசரி எடுப்பார்கள். சராசரி இறங்கினால் அபராதம். கம்பெனிக்காரர்கள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பெரிய எஞ்சினைத் தூக்கிவிட்டு ஆறு சிலிண்டரில் டர்போ ஒன்றை மாட்டி அனுப்பினார்கள்.

எங்கள் பக்கத்தில் வண்டி வாங்க வருகிறவர் விலையைக் கேட்க மாட்டார், கதவைத் திறந்து பார்க்க மாட்டார். நேராகப் போய் மூடியைத் தூக்கி சிலிண்டரை எண்ணுவார். ஆறு என்று தெரிந்தால் சத்தமில்லாமல் மூடிவிட்டு, “வீட்டுக்காரர் சுகமா?” என்று பேச்சை மாற்றுவார். அந்தக் கோடை முழுக்க ஆர்லிஸ் தன் வீட்டுக்காரர் சுகமாக இருப்பதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்டு கடைசியில் லோவெல் அவளை உள்ளே கூப்பிட்டார். “டெல்மர் டீக்ஸ் பண்ணையில ஆறு பிக்கப் ஓடுது. நாலு மாத்தவேண்டிய நிலைமை. அவர் நம்மகிட்ட வாங்கினா ஊரே வாங்கும். அவர் வேற ஊருக்குப் போய் வாங்கினா, நான் விற்பனையை மூடிட்டு பட்டறையை மட்டும் வெச்சுக்கப் போறேன்.”

“அப்போ நான்?”

“பட்டறைக்கு ஒரு கவுண்டர் ஆள் போதும். புதுசா வந்த பையன் இருக்கான்.”

ஆர்லிஸ் ஒரு புது பிக்கப்பின் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அவள் டெல்மரிடம் போய்ப் பேசினாள். எழுபதை நெருங்கும் மனிதர், வார்த்தையை எண்ணிச் செலவழிப்பவர். “வாங்க வேணாம். ஒரு வாரம் வெச்சு ஓட்டிப் பாருங்க. பிடிக்கலைன்னா சாவியைத் திருப்பிக் கொடுங்க” என்றாள். அவர் மூடியைத் தூக்கி எண்ணினார். ஆனால், என்ன தோன்றியதோ, சாவியை வாங்கிக்கொண்டார்.

கட்லர் கணவாய்க்கு அந்தப் பக்கம்தான் கால்நடைச் சந்தை. இலையுதிர்காலத்தில் பெரிய மந்தையை லாரி வந்து ஏற்றிப் போகும். பின்தங்கிப் பிறந்த கன்றுகளைப் பன்னிரண்டு பன்னிரண்டாக இழுவண்டியில் ஏற்றி பிக்கப்பில் கட்டி இழுப்பார்கள். கணவாயின் கடைசி இரண்டு மைல் நெட்டுக்குத்து. இங்கே ஒரு வண்டிக்குப் பெயர் கிடைப்பதும் கெடுவதும் அந்த இரண்டு மைலில்.

டெல்மர் ஓட்டிப் போன புது வண்டி அங்கே படுத்துவிட்டது. முப்பது மைல் வேகத்துக்கு மேல் ஏறவில்லையாம். பின்னால் வந்த தம்பி வெர்ஜில், தன் பழைய எட்டு சிலிண்டர் பிக்கப்பில், ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போயிருக்கிறான்.

மறுநாள் காலை ஊர்க் காபிக் கடையில் ஆர்லிஸ் நுழைந்தபோது வெர்ஜில் அந்தக் கதையை மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“வா ஆர்லிஸ், வா! ஒரு சந்தேகம் கேக்கணும். கன்னுக்குட்டிங்கள இறக்கி வண்டியைத் தள்ளச் சொல்லலாமா, இல்ல அதுக்கும் வாஷிங்டன்ல அனுமதி வாங்கணுமா?”

மேஜை முழுக்கச் சிரித்தது. டெல்மர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவள் முன் வைத்தார். “வாசல்ல நிக்குது. கொண்டு போம்மா. உன் மேல தப்பில்ல. எவனோ நாற்காலியில உக்காந்து போட்ட சட்டம்.”

“அடுத்து எங்க வாங்கப் போறீங்க?”

“பாப்போம்” என்றார். அவர் ‘பாப்போம்’ என்றால் முடிந்துவிட்டது என்று பொருள்.

அவளே ஓட்டிக்கொண்டு போனாள். கோர்ட்டு மேட்டில் ஏறும்போது எஞ்சினிலிருந்து ஒரு மெல்லிய சத்தம் வந்தது. தகர டப்பாவில் நாலு கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல. சமதளத்துக்கு வந்ததும் சத்தம் நின்றுவிட்டது. புது வண்டி, எதுவும் கழன்றிருக்க முடியாது.

வெளியே கொடுத்த வண்டி திரும்பி வந்தால் தொட்டியை நிரப்பி நிறுத்தவேண்டும் என்பது கடை வழக்கம். கூட்டுறவு பெட்ரோல் பங்கில் நிறுத்தி இறங்கினாள். கை தானாகவே இடது ஓரத்துக் குழாயை எடுத்தது. எண்பத்தைந்து ஆக்டேன், விலை குறைந்தது. அவள் அப்பா போட்டது, அவள் போடுவது, ஊரில் எல்லாரும் போடுவது. ஏழாயிரம் அடி உயரத்தில் காற்று மெலிசு. எஞ்சினுக்கு அந்த மட்டமான பெட்ரோலே போதும். மலையில் இருப்பவர்கள் பக்கத்துக் குழாய்களில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்ப்பதில்லை.

குழாயைத் தொட்டியில் சொருகியவளுக்கு அந்தக் கூழாங்கல் சத்தம் நினைவு வந்தது. பிறகு அதை எடுத்து மாட்டிவிட்டு, வண்டிக்குள் ஏறி, உறை பிரிக்காமல் கிடந்த கையேட்டை எடுத்துப் பிரித்தாள்.

எண்பத்தேழுக்குக் குறையக் கூடாது. தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் புருஷன் டுவெய்னிடம் சொன்னாள். அவன் கவுண்டி நிர்வாகத்தின் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறவன். சில்லி என்கிற பீன்ஸ், இறைச்சிக் குழம்பில் இலவங்கப்பட்டை ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

“அந்த டர்போ வெளிக்காத்தை இழுத்து உள்ள அமுக்குது டுவெய்ன். நாம மலையில இருக்கோம்னு எஞ்சினுக்குத் தெரியாது. கீழ சமவெளியில இருக்கிற மாதிரிதான் அதுக்கு நினைப்பு. எண்பத்தஞ்சைப் போட்டா உள்ள பட்டுப்பட்டுனு வெடிக்கும். எஞ்சின் உடையக் கூடாதுன்னு கம்ப்யூட்டரே சக்தியைக் குறைச்சிடும்.”

“அப்போ தப்பு டெல்மர் மேல.”

“அவருக்கு எப்படித் தெரியும்? வித்தவ நான்தானே சொல்லணும். இருபத்து மூணு வருஷம் அந்தக் கடையில நின்னுட்டு நானும் எண்பத்தஞ்சுதான் போடப் போனேன்.”

“சரி, லோவெல்கிட்ட சொல்லு. அவர் பேசட்டும்.”

“அவர் சொன்னா கம்பெனிக்காரன் சாக்கு சொல்றான்னு நினைப்பாங்க. நான் போய், தப்பு என்னுதுன்னு சொன்னா அட்லீஸ்ட் காது கொடுப்பாங்க.”

“காது கொடுப்பாங்க. அப்புறம் பத்து வருஷம் அதையே சொல்லிச் சிரிப்பாங்க.”

“வேலை இருந்தாத்தானே அந்தச் சிரிப்பைக் கேக்க நான் இந்த ஊர்ல இருப்பேன்” என்று தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

காலையில் பட்டறையில் தொட்டியை முழுக்க வடித்து, எண்பத்தேழு நிரப்பிக்கொண்டு டீக்ஸ் பண்ணைக்குப் போனாள். இன்னும் உயர்ந்தது, தொண்ணூற்று ஒன்று, இருக்கத்தான் செய்தது. அதைப் போட்டால் பந்தயத்துக்கு ஊக்கமருந்து ஏற்றிய குதிரை என்று வெர்ஜில் சொல்வான். அதனால் புத்தகத்தில் சொன்னதற்கு மேல் ஒரு எண் கூட ஏற்றவில்லை. அண்ணன் தம்பி இருவரும் பட்டியில் கன்றுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வேலிக்கு வெளியே நின்று விஷயத்தைச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. “புத்தகத்துல இருக்கு. நான் படிக்கல. உங்ககிட்டயும் சொல்லல. அது என் தப்பு.”

வெர்ஜில் தொப்பியைப் பின்னால் தள்ளினான். “ஓகோ! இப்போ பெட்ரோல் மேல பழியா? நாளைக்கு என்ன, கன்னுக்குட்டிங்க குண்டா இருக்குன்னு சொல்லுவியா?”

“அதே கன்னுங்களை ஏத்துங்க. அதே இழுவண்டி. நீங்க முன்னால போங்க, நான் பின்னால வரேன். ஏறலைன்னா நானே கடைக்குப் போய் என் பெயர்ப் பலகையைக் கழட்டிடறேன்.”

டெல்மர் வாயிற்கதவைத் தாளிட்டார். “வியாழக்கிழமை சந்தை. ஏழு மணிக்கு வா. நீயே ஓட்டு. பக்கத்துல நான் உக்காருவேன்.”

வியாழன் வானம் தெளிந்திருந்தது. பன்னிரண்டு கன்று வெர்ஜிலுக்கு, பன்னிரண்டு கன்று ஆர்லிஸுக்கு. ஏற்றும்போது பெரிய கன்றுகளாகப் பார்த்து வெர்ஜில் அவள் இழுவண்டிப் பக்கமே ஓட்டினான். அவள் பார்த்தாள். டெல்மரும் பார்த்தார்.

 வெர்ஜிலின் வண்டி முன்னால் உறுமிக்கொண்டு போயிற்று; அந்த உறுமல் கேட்டால் யாருக்கும் ஆசை வரும். கடைசி இரண்டு மைலில் சாலை இரண்டு தடமாக விரிந்தது. ஆர்லிஸ் இழுவண்டிப் படம் போட்ட பொத்தானை அழுத்தி, மிதியை மிதித்தாள்.  கூழாங்கல் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். வரவில்லை. ஒரு மெல்லிய விசில் மட்டும்.

நாற்பத்தைந்து. ஐம்பது. மேலே ஏற ஏறக் காற்று இன்னும் மெலிந்தது. முன்னால் உறுமல் இருமலாக மாறியது. எட்டு சிலிண்டருக்கும் சேர்த்து மூச்சு போதவில்லை. வெர்ஜில் ஒரு கியர் இறக்கினான், இன்னொன்று இறக்கினான். சத்தம் கூடியது, வேகம் கூடவில்லை.

“இடது தடத்துக்குப் போகட்டுமா?” என்றாள்.

“எதுக்குக் கேக்கற?” என்றார் டெல்மர்.

போனாள். ஐம்பத்தைந்து. இரண்டு வண்டியும் தோளோடு தோள் வந்தன. டெல்மர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து ஜன்னலை இறக்கினார். “கொஞ்சம் மெதுவாப் போ.”

“ஏன், என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. அவன் மூஞ்சியை நல்லாப் பாக்கணும்.”

பார்த்தார். தொப்பியைக் கழற்றி, கல்யாணத்துக்கு வந்த விருந்தாளி போலத் தம்பிக்கு மரியாதையாகத் தலைவணங்கினார். வெர்ஜில் வாயசைத்துத் திட்டியது கண்ணாடி வழியாகவே புரிந்தது. ஆர்லிஸ் மிதியை அழுத்தினாள். பன்னிரண்டு கொழுத்த கன்றுகளோடு வண்டி அவனைத் தாண்டி, அடுத்த வளைவில் அவனைக் கண்ணிலிருந்தே மறைத்தது. அவளுக்குக் கத்தவேண்டும் போலிருந்தது, கத்திவிட்டாள். டெல்மர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

உச்சியில் வண்டிகள் ஒதுங்கும் இடத்தில் நிறுத்திக் காத்திருந்தார்கள். வெர்ஜில் வந்து சேர்ந்தபோது அவன் எஞ்சினிலிருந்து சூடு அலையலையாக வந்தது. இறங்கியவன் நேரே வந்து ஆர்லிஸின் வண்டி மூடியைத் தூக்கினான்.

“எண்ணிக்கோடா. ஆறுதான். நான் ரெண்டு தரம் எண்ணிட்டேன்” என்றார் டெல்மர்.

“காத்து பின்னால இருந்து தள்ளியிருக்கும்.”

“உனக்கு முன்னால இருந்தா அடிச்சுது? ஒரே ரோடுதானே!”

வெர்ஜில் மூடியைச் சாத்தினான். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, “அந்த நடுக்குழாய், எண்பத்தேழு… என் வண்டிக்கும் அதைப் போட்டா ஏதாவது பிரயோசனம் இருக்குமா?” என்று கேட்டான்.

“இருக்காது. உங்க வண்டிக்கு எண்பத்தஞ்சே போதும். வீணாப் போடாதீங்க.”

டெல்மர் அவளைப் பார்த்தார். “விதியெல்லாம் மைலேஜுக்குத்தானே போட்டான். எவ்வளவு கொடுக்கும்?”

“காலியாப் போனா நல்லாக் கொடுக்கும். இப்படி இழுத்தா பழைய வண்டி எவ்வளவு குடிக்குமோ அதே அளவு குடிக்கும். அதுல நான் பொய் சொல்ல மாட்டேன்.”

அவர் கணவாயின் இரு பக்கமும் ஒரு தடவை பார்த்தார். “வருஷத்துல முக்கால்வாசி நாள் வேலி பாக்கக் காலியாத்தான் போறோம்” என்றார். “நாலு எழுதிக்கோ. வெள்ளை. வேற நிறம் இருந்தா அனுப்பாத, புழுதி காட்டிக் கொடுத்துடும்.”

கணவாயில் அந்த உச்சியில் மட்டும் போன் எடுக்கும். ஆர்லிஸ் தள்ளிப் போய் நின்று லோவெலைக் கூப்பிட்டாள். டெல்மர் நாலு வண்டி எழுதச் சொன்னதைச் சொன்னாள். “தள்ளுபடி எவ்வளவு கேட்டார்?” என்றார் லோவெல்.

“கேக்கல. நானும் வாயைத் திறக்கல. கவுண்டர்ல அந்தப் பையனே இருக்கட்டும் லோவெல், நான் மேஜையை விடப் போறதில்ல.”

திரும்பி வந்தபோது டெல்மர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, இருக்கையைத் தன் காலுக்குத் தோதாகத் தள்ளி, கண்ணாடிகளைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

“ஏறு, சந்தை ஆரம்பிச்சிடுவாங்க” என்றார். “இனிமே இது என் வண்டி.”

அவள் சுற்றிப் போய் மறுபக்கக் கதவைத் திறந்தாள்.