நீலத்துக்காக ஒரு பட்டினி

மருத்துவமனையில் அப்பாவுக்குப் புது இன்சுலின் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். காலையில் ஒருமுறை போட்டால் நாள் முழுதும் வேலை செய்யுமாம். ஊசி போடுவதும், சிறுநீரைச் சோதித்து நிறத்தை டாக்டருக்காக ஆங்கிலத்தில் குறிப்பதும் என் பொறுப்பு. எங்கள் வீட்டில் ஆங்கிலம் படித்தவள் நான் ஒருத்திதான்.

நீல மருந்துநீரில் சில சொட்டுச் சிறுநீர் விட்டுக் கொதிக்க வைப்பேன். சர்க்கரை இல்லையென்றால் நீலமாகவே இருக்கும்; இருந்தால் பச்சையாகும், மஞ்சளாகும், செங்கல் நிறமாகும். ஜன்னல் வெளிச்சத்தில் அந்தக் கண்ணாடிக் குழாயைப் பார்த்து நின்றால் சிராங்கூன் சாலையின் இரைச்சல் எங்கோ தொலைவுக்குப் போய்விடும்.

மூன்று நாள் தொடர்ந்து நீலம். பெருமையோடு எழுதினேன். மூன்றாம் நாள் மாலை அப்பா வியர்த்து நடுங்கினார். பதறிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். தெளிந்ததும் கேட்டேன்.

“மத்தியானம் சாப்பிட்டீங்களாப்பா?”

“மூணு நாளா மத்தியானம் சாப்பிடலம்மா. சிவப்பா வந்தா டாக்டர் உனக்கு மார்க் குறைச்சிடுவாருல்ல?”

“பரீட்சை எனக்கில்லப்பா, மருந்துக்கு!”

“அப்ப மருந்து பெயிலாவட்டும் லா,” என்று சிரித்தார்.

மூன்று நீலத்துக்கும் பக்கத்தில் ‘மதியம் சாப்பிடவில்லை’ என்று ஆங்கிலத்தில் எழுதினேன். பிறகு சோறு போட்டு, அவர் தட்டு காலியாகும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.