வெள்ளைக் கிடார், கறுப்புக் கிடார்

முட்டாள்களுக்கென்று நெய்வேலியில் தனி பிளாக் ஒதுக்கியிருந்தால், எனக்கு அதில் கார்னர் குவார்ட்டர்ஸே கிடைத்திருக்கும். பத்தாம் வகுப்புப் புத்தகங்களை மூடிவைத்துவிட்டு, எலெக்ட்ரிக் கிடார் வீடியோக்களைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தேன். கிடாரைத் தொட்டதே இல்லை. ஒரு கம்பியைக்கூட மீட்டத் தெரியாதவன், எந்தக் கிடார் எந்தப் பாணிக்குப் பொருந்தும் என்று கண்டவர்களையெல்லாம் நிறுத்தி வகுப்பெடுத்தேன்.

அப்பாவின் போனஸுக்குள் அடங்குகிற கிடார்கள் இரண்டே இரண்டு. வெள்ளைக் கிடாருக்குச் சன்னமான குரல். சினிமா மெலடிக்கு ஏற்றது. கறுப்பு, அடித்தொண்டையில் உறுமும் ரகம். தலையை ஆட்டி மெட்டல் என்ற அதிரடி இசை வாசிப்பவர்களுக்கு.

சிக்கல் என்னவென்றால், இரண்டு பக்கமும் வாக்குக் கொடுத்திருந்தேன். பொங்கல் விழாவில் பாட இருந்த அக்காவிடம் மெலடி வாசிப்பதாகச் சொல்லிவிட்டேன். எங்கள் பிளாக் பையன்கள் ஒரு மெட்டல் குழு தொடங்கி, தலையை ஆட்டுவதுவரை பழகியிருந்தார்கள். வாசிக்கத்தான் ஆள் இல்லை. அதற்கும் நானே.

"கறுப்பை வாங்கினு வந்தா உங்கூடப் பேச மாட்டேன்" என்றாள் அக்கா.

"அப்ப கறுப்புதான்டா உனக்கு ரெட்டை லாபம்" என்றான் குழுத் தலைவன்.

பல் துலக்கும்போது வெள்ளை; டியூஷனுக்குப் போகும்போது கறுப்பு; திரும்பி வரும்போது இரண்டும் வேண்டாம், புல்லாங்குழல் போதும் என்று தோன்றும்.

அப்பாவிடம் யோசனை கேட்கலாம்தான். ஆனால் அது தனி உழைப்பு. மைன்ஸில், ஓயாமல் இரைகிற கன்வேயர் பெல்ட் பக்கத்திலேயே அவருக்குப் பல வருடமாக வேலை. எதையும் அவரிடம் இரண்டு முறை சொல்ல வேண்டும். மூன்றாம் முறை சொன்னால் "ஏன்டா கத்துற?" என்பார். சமையலறையில் குக்கர் விசிலடித்து ஓயும். பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் புரட்டிக்கொண்டிருப்பார். "உங்கப்பாவுக்கு இஷ்டப்பட்டாத்தான் காது" என்பது அம்மாவின் தீர்ப்பு. நானும் அக்காவும் மேல்முறையீடு செய்யவில்லை.

ஷிஃப்ட் இல்லாத ஒரு நாள் அப்பா என்னைப் புதுச்சேரிக்கு அழைத்துப்போனார். கடைக்காரர் வெள்ளைக் கிடாரை என் பக்கம் நீட்டினார்.

"வாசிச்சுப் பாருங்க தம்பி."

"விரல்ல அடிபட்டிருக்குங்க."

"எந்த விரல்?"

"எல்லாமே."

என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவரே வாசித்தார். மெல்லிய கம்பிகளில், உச்சத்தில், அப்படியொரு இழைப்பு. நான் கண்ணை மூடி உருகிப்போனேன். சந்தேகமே இல்லை, வெள்ளைதான். அக்கா பிழைத்தாள். வாசித்து முடித்த கடைக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்தார்.

"ம், ஆரம்பிங்க" என்றார் அப்பா.

கடைக்காரரின் முகம் சுருங்கிவிட்டது. அப்பாவின் நக்கலுக்கு இடம் பொருள் கிடையாதா என்று நான் தரையைப் பார்த்தேன்.

கடைக்காரர் அதே கோபத்தோடு கறுப்பை எடுத்து ஒரு இழு இழுத்தார். கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. அப்பா சட்டென்று நிமிர்ந்தார். செருப்புக் கால் தானாகத் தாளம் போட்டது. "இன்னொரு வாட்டி வாசிங்க" என்றார். கடைக்காரர் வாசித்தார். அப்பா மறுபடியும் வாசிக்கச் சொன்னார். காதுவரை இளித்துக்கொண்டு நின்ற அந்த மனிதரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"இதையே குடுத்துடுங்க."

"அப்பா, அக்காவுக்கு வெள்ளைதான்…" என்றேன். இன்னொரு முறையும் சொன்னேன். மூன்றாம் முறை சொல்வதற்குள் பில் போட்டாகிவிட்டது.

பஸ்ஸில் கறுப்புக் கிடார் என் மடியில் கிடந்தது. வீட்டில் எந்தப் பாட்டையும் நின்று கேட்டிராத ஆளுக்குள் ஒரு மெட்டல் ரசிகன் எப்போது குடிவந்தான்? அக்காவுக்கு என்ன பதில் சொல்வது? வடலூர் தாண்டியதும் பொறுக்க முடியாமல், "ஏம்பா கறுப்பு?" என்று கேட்டேன். வழக்கம்போல இரண்டு முறை.

அவர் சொன்னதைப் பல வருடம் குழுப் பையன்களிடம் நடித்துக்காட்டிச் சிரிக்கவைத்திருக்கிறேன். அவர்களைவிட நான்தான் அதிகம் சிரிப்பேன். ஜன்னல் பக்கம் திரும்பியபடி அவர் சொன்னது இவ்வளவுதான்:

"இது ஒண்ணுதான்டா எனக்குக் காதுல வுழுந்துது."