மேல் தட்டில் ஏழாம் நம்பர்

ஷூ கடைக்காரிக்கு ஊரில் யாருடைய முகமும் ஞாபகம் இருக்காது. கால்தான் ஞாபகம் இருக்கும். நீங்களும் துணிக்கடை, வளையல்கடை என்று எதையாவது வைத்துக்கொண்டு நாள் முழுக்க வாடிக்கையாளர்களோடு மல்லுக்கட்டுகிறவராக இருந்தால், நான் சொல்லப்போவது உங்களுக்குப் புரியும்.

எங்கள் கடை யாங்கூனில், லத்தா என்கிற வட்டாரத்தில், மொத்த வியாபாரிகள் மூட்டை இறக்குகிற தெருவில் ஒரு மாடிப்படியை ஒட்டி இருக்கிறது. உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நின்றுதான் பேரம் பேசவேண்டும். என் வீட்டுக்காரர் சேகரும் நானும் சேர்ந்து ஆரம்பித்த கடை. "ஆம்பிளைங்க ஷூதான் ஓடும்" என்றார் அவர். ஓடத்தான் செய்தது. பிறகு பட்டாளத்துக்குக் கட்டாயமாகக் கூப்பிடுகிற வயசில் இருந்த ஆண்பிள்ளைகள் ஒவ்வொருவராக ஊரை விட்டுக் கிளம்பினார்கள். முதலில் வாடிக்கையாளர்கள் போனார்கள், கடைசியில் கடைக்காரரும் போனார்.

சேகர் இப்போது மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் அடுப்படியில் நிற்கிறார். மிங்கலாடோன் விமான நிலையத்துக்கு ரப்பர் செருப்போடுதான் போனார். தனக்கென்று எடுத்து வைத்திருந்த நீல ஷூவை, ஏழாம் நம்பர், மேல் தட்டில் வைத்துவிட்டு, "தீபாவளிக்கு வந்து போட்டுக்கறேன், யார் தலையிலயும் கட்டிடாதே" என்றார். அந்தத் தீபாவளி போய், அடுத்ததும் வந்துவிட்டுப் போயிற்று. ஷூ அங்கேயே இருந்தது. அது அங்கே இருக்கும்வரை அவர் வருவார் என்று நானும் இருந்தேன்.

எட்டு எப்படி ஆறரை ஆனது

ஆண்கள் போய்விட்டாலும் ஆண்கள் ஷூ போகவில்லை. எல்லையிலிருந்து லாரியில் வந்த மூட்டைகள் தட்டு நிறைய உட்கார்ந்திருந்தன. வாங்க வருகிறவர்கள் எல்லாம் பெண்கள். அப்போதுதான் கணக்குப் போட ஆரம்பித்தேன். ஆண் நம்பரோடு ஒன்றரை கூட்டினால் பெண் நம்பர். ஆண்களின் ஏழு, பெண்களின் எட்டரை. இதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறேன் என்று கேட்காதீர்கள். தூக்கத்திலும் சொல்கிறேனாம், அடுத்த வீட்டுக்காரி சொன்னாள்.

தாகேதாவிலிருந்து ஒரு அம்மா வந்தார், தனியார் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுப்பவர். எட்டாம் நம்பர் கேட்டார். பெண்களின் எட்டு கைவசம் இல்லை. ஆண்களின் ஆறரையை எடுத்து நீட்டினேன். அட்டையில் நம்பரைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது, ஏமாற்றப் பார்க்கிறாள் என்று நினைத்திருக்கவேண்டும். ஒன்றரைக் கணக்கை விரல் விட்டுச் சொன்னேன். நம்பாமலே காலை நுழைத்தார். எழுந்து தெருவரை நடந்துவிட்டுத் திரும்பி வந்தபோது நடையே மாறியிருந்தது. கண்ணாடியில் காலை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தார்.

"கால் சின்னதாயிடுச்சா, நம்பர் சின்னதாயிடுச்சான்னு தெரியலை. எதுவா இருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்."

குனிந்து எடுத்தது

இந்த ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. ஆண்பிள்ளைக்கென்று ஒரு மகிமை இருக்கிறது, பெண்ணின் உடுப்புக்கும் செருப்புக்கும் கீழே அவனுடைய பொருள் இருந்தால் அது குறைந்துபோகும் என்பார்கள். அதனால் எங்கள் தெருக் கடைகளில் ஆண்கள் ஷூ மேல் தட்டில், பெண்களுடையது கீழ்த் தட்டில். மேலிருப்பது கீழே வரலாம். ஒரு பெண் காலில் போட்டுப் பார்த்துவிட்டால் அது மறுபடி மேலே ஏறாது. எங்கள் சாமி இப்படி எதையும் கேட்பதில்லை. ஆனாலும் மூன்று தலைமுறையாக இங்கேயே இருந்து, சோற்றோடு ஙப்பி என்கிற மீன் விழுதையும் பிசைந்து சாப்பிட்டுப் பழகிவிட்டோம். ஊர்க் கட்டுப்பாடும் அதோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது.

ஒரு பர்மாப் பெரியவர் வந்தார். சர்க்கரை வியாதி, தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். கால் குழந்தைக் கால் மாதிரி இருந்தது. ஆண்கள் ஷூவில் ஐந்தாம் நம்பர் வேண்டும், எங்களிடம் ஆறுக்குக் கீழே வருவதே இல்லை. யோசித்தேன். கீழ்த் தட்டில் சாம்பல் நிறத்தில் பெண்களின் ஆறரை ஒன்று இருந்தது. பூவும் கிடையாது, மினுமினுப்பும் கிடையாது, பெண்கள் ஷூ என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அவர் தெருவில் போகிற ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அதை எடுத்து, நம்பர் ஒட்டியிருந்த தாளைக் கிழித்துவிட்டு, காலில் மாட்டிவிட்டேன். கச்சிதமாகப் பொருந்தியது. அவருக்கும் பிடித்திருந்தது. பெருவிரலை ஆட்டிப் பார்த்தார், சிரித்தார். பிறகு மெதுவாகக் கழற்றி, துடைத்து, என் கையில் கொடுத்துவிட்டுத் தன் பழைய செருப்பைத் தேடினார். வியாபாரம் போனது கூடப் பரவாயில்லை. அவ்வளவு மரியாதையாக அவர் சொன்னதுதான் என்னைக் கூசவைத்தது.

"மகளே, நீ குனிஞ்சு எடுத்ததை நான் பார்த்துட்டேன்."

வாசலுக்கு ஒரு ஜோடி

எங்கள் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் பாத்திமா ராத்தா என்று நாங்கள் கூப்பிடுகிற அக்கா இருக்கிறார். தையல் வேலை. வீட்டுக்காரர் காலமாகி, பிள்ளைகளும் வெளிநாடு போய், தனி ஆள். பால்கனியிலிருந்து தெருவரை ஒரு கயிறு தொங்கும், நுனியில் கிளிப். காய்கறி, பத்திரிகை, தேநீர்ப் பொட்டலம், எல்லாம் அதில்தான் ஏறும். ஒருநாள் கயிற்றை அனுப்பாமல் அவரே இறங்கி வந்து, "ஆம்பிளை ஷூ ஒண்ணு குடு மீனா" என்றார். யாருக்கு என்றேன். "யாருக்கும் இல்லை. வாசல்ல கழட்டிப் போட்ட மாதிரி வைக்கணும். தனியா இருக்கேன்னு படியேறி வர்றவன் ரெண்டு தடவை யோசிக்கட்டும்." என்ன நம்பர் என்றேன். "நல்லா பெரிசா. பார்த்தா பயம் வரணும்." ஒன்பதாம் நம்பர் கறுப்பு ஷூ ஒன்றைக் கொடுத்தேன். அன்றைக்கு ராத்தா நன்றாகத் தூங்கினாராம். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

திருடன் யோசித்தானோ இல்லையோ, வார்டு ஆபீஸ்காரர்கள் யோசித்துவிட்டார்கள். தங்க வருகிற விருந்தாளியை வார்டில் பதியவேண்டும் என்பது சட்டம். யார் அந்த ஆண்பிள்ளை, எங்கே ஒளிந்திருக்கிறான் என்று ஒருவர் படியேறி வந்துவிட்டார். ராத்தா அவ்வப்போது என் கடைப் பக்கம் வந்து உட்கார்ந்து ஒன்றரைக் கணக்கைக் கேட்டதெல்லாம் வீண்போகவில்லை. "ஆம்பிளை ஒன்பது, பொம்பிளை பத்தரை. என்னோடதுதான்" என்று சொல்லியிருக்கிறார். சரி, போட்டுக் காட்டுங்கள் என்றிருக்கிறார் வந்தவர். ராத்தாவின் கால் ஆறைத் தாண்டாது. அந்தப் படகுகளை மாட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி, மூன்று மாடி இறங்கித் தெருவுக்கு வந்து, என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, மறுபடி மூன்று மாடி ஏறினார். வந்தவர் சிரிப்பை அடக்கமுடியாமல் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் கயிறு கீழே இறங்கியது. கிளிப்பில் ஒரு பை, பைக்குள் அந்த ஷூ. மேலே பால்கனியிலிருந்து தெருவே கேட்க ஒரு குரல்.

"ஆம்பிளை ஷூவை வச்சா ஆம்பிளையைத் தேடிக்கிட்டு வர்றாங்க மீனா. நான் பேசாம ஒரு பூட்டு வாங்கிக்கறேன்."

பதில் சொல்லாத கேள்வி

வெளிநாட்டு வேலைக்குப் போகிற பெண்கள்தான் இப்போது என் முக்கியமான வாடிக்கை. பிறந்ததிலிருந்து ரப்பர் செருப்பு தவிர வேறு போட்டிருக்கமாட்டார்கள். மூடின ஷூ கட்டாயம் என்று ஏஜெண்ட் சொல்லியிருப்பார். நம்பர் என்ன என்றால் விழிப்பார்கள். நான் அளவுக் கட்டையில் காலை வைக்கச் சொல்லுவேன். நகத்தில் மருதாணி இருக்கும்.

அப்படி ஒரு பெண் வந்தாள். நம்ம பெண்தான். தமிழில் கேட்டால் புரிந்துகொள்கிறாள், பதில் பர்மியில் வருகிறது. கால் எட்டரை. கீழ்த் தட்டில் எட்டரை இல்லை. ஆண்களின் ஏழும் தீர்ந்துவிட்டிருந்தது, ஒன்றைத் தவிர. அவள் கண் நேராக அங்கேதான் போனது. நீலம், வெள்ளை அடிப்பாகம். "அதை எடுங்க அக்கா" என்றாள். விற்பனைக்கு இல்லை என்றேன். விலையைக் கூட்டுவதற்காகச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். இல்லை, அது வேறு ஒருவருக்கு எடுத்து வைத்தது என்றேன். எப்போது வருவார் என்றாள். ஆண்களின் ஏழரை ஒன்றை எடுத்து, உள்ளே ஒரு அட்டை வைத்துச் சரிசெய்து கொடுத்தேன். நாடாவைக் கட்டிக்கொண்டே அவள் மறுபடி மேலே பார்த்தாள். சுற்றியிருந்த ஷூவெல்லாம் தெருப்புழுதி படிந்து கிடந்தன, அது மட்டும் பளிச்சென்று இருந்தது. அந்தப் பெண் ஒன்றும் தெரியாமல்தான் கேட்டாள். நான் அன்றைக்குச் சீக்கிரமே கடையைச் சாத்திவிட்டுப் போய் அழுதேன்.

"போட்டுக்க ஆளே வராத ஷூவை எதுக்கு அக்கா தினமும் துடைச்சு வைக்கறீங்க?"

கீழே இறங்கிய ஜோடி

சேகர் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவார். சாப்பிட்டாயா, மழையா, கரண்ட் இருக்கிறதா, இந்த மூன்று கேள்வியில் எங்கள் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது. போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, மூன்றாவது கேள்விக்குப் பிறகும் அவர் போனை வைக்கவில்லை. வேலைக்கு மறுபடி கையெழுத்துப் போட்டுவிட்டாராம். இப்போது ஊருக்கு வந்தால் மறுபடி வெளியே விடமாட்டார்களாம். என்னை அங்கே அழைத்துக்கொள்ள வழியும் இல்லையாம். அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை, அதுதான் கொடுமை. பொய்யாக இருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். "சரி, உங்க ஷூ?" என்றேன், வேறு கேட்கத் தெரியாமல். "வித்துடு மீனா. அதைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்காதே" என்றார்.

மறுநாள் கரண்ட் இல்லை, மழை, தெருவில் ஈ காக்காய் இல்லை. முக்காலி போட்டு ஏறி நீல ஷூவை இறக்கினேன். கீழ்த் தட்டில் வைத்துவிட்டு எட்டரை என்று எழுதி ஒட்டவேண்டும், அவ்வளவுதான் வேலை. கை வரவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் உட்காருகிற முக்காலியிலேயே உட்கார்ந்தேன். அப்புறம் என்ன தோன்றியதோ, என் காலை உள்ளே விட்டேன். என் நம்பர் எட்டரை. எனக்குத் தெரியாதா என்ன? ஊருக்கெல்லாம் கூட்டிச் சொல்கிறவள் என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் மட்டும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததே இல்லை. நாடாவைக் கட்டினேன். குதிகால் அசையவில்லை, விரலுக்கு முன்னால் சரியான இடம். எழுந்து ஈரத் தெருவில் நாலு எட்டு நடந்தேன். இனி அது மேலே போக முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. வருத்தமாக இருந்தது, கால் மட்டும் சுகமாக இருந்தது. கரண்ட் எப்போது வரும் என்று கேட்க இறங்கி வந்த பாத்திமா ராத்தா, கடைசிப் படியில் நின்று என் காலையும், காலியாக இருந்த மேல் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். கரண்டை மறந்தே போனார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே காலா? இத்தனை வருஷம் ஒண்ணா இருந்தும் அவன் சொல்லவே இல்லையே."

அதனால், என்னைப் போலக் கடையும் கையுமாக உட்கார்ந்திருக்கிறவர்களே, சேகர் நாளைக்கே வந்து நின்று தன் ஷூவைக் கேட்டாலும் கீழே இறங்கினது மேலே ஏறாது என்று கடைச் சட்டத்தைத்தான் காட்டப்போகிறேன். வந்து கேட்கட்டும், பார்க்கலாம்.