தனி ஆவர்த்தனத்துக்கு உள்ளே போகிறவர்கள்

இந்த வயதில் நிகழ்காலத்தில் வாழக் கற்றுக்கொள்ளும்படி என்னை அடையாறில் ஒரு தியான வகுப்புக்கு அனுப்பி வைத்தாள் என் மகள். மாடி அறை, பதினொரு பேர், நாலு மின்விசிறி, அதில் ஒன்று ஓடவில்லை. பாடம் எடுத்த இளைஞர் கண்ணை மூடி மூச்சை மட்டும் கவனிக்கச் சொன்னார். கவனித்தேன். சற்று நேரத்தில் என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"சார், உதடு அசையுதே. எண்றீங்களா?"

"ஆமாம். நாப்பத்தி மூணு ஆச்சு."

"எண்ண வேணாம் சார். எண்ணினா மனசு அடுத்த நம்பருக்குப் போயிடும். விட்டுடுங்க."

"எதை விடறது? மூச்சையா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மறு வாரம் நான் போகவில்லை. மகள் போனில் கோபித்துக்கொண்டாள். நீ வேண்டுமானால் போ, உனக்குத்தான் படபடப்பு அதிகம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவள் என்னை அனுப்பியதற்குக் காரணம் என் படபடப்புதான், அதை மறுக்கவில்லை. என் மனைவிக்குக் காது மங்கிக்கொண்டு வந்தது. தி. நகரில் ஒரு காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி அறைக்குள் அவளை உட்கார வைத்து ஒவ்வொரு சத்தமாக அனுப்பிப் பார்த்தார். "மேல் ஸ்தாயிச் சத்தம் நிறைய போயிடுச்சு. கீழ்ச் சத்தம் இன்னும் நல்லா கேக்குது" என்றார்.

"அதுவும் போயிடுமா?"

"குறையலாம் சார். எப்போ, எவ்வளவுன்னு இப்பவே சொல்ல முடியாது. காதுக்கு மெஷின் தரேன், போட்டுப் பழகட்டும். ஆறு மாசம் கழிச்சுப் பாக்கலாம்."

அந்த ஆறு மாதக் கெடு எனக்குக் கவலைப்படப் போதுமானதாக இருந்தது. அவள் கூடத்தில் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது சமையலறையிலிருந்து ஸ்பூனால் டம்ளரைத் தட்டுவேன். கேட்டதா என்று கேட்பேன். மறுநாள் இன்னும் கொஞ்சம் தள்ளி நின்று தட்டுவேன். வாசல் மணி போயிற்று. எதிர்வீட்டு மாமரத்துக் குயில் போயிற்று. குக்கர் விசில் பாதி போயிற்று. இனி எது போகும், எந்த வரிசையில் போகும், கடைசியில் என் குரலும் போய்விடுமா என்று கணக்குப் போட்டபடி இருந்தேன்.

"ஏன்னா, நான் செவிடாறதுக்கு முன்னாடி உங்க டம்ளர் ஓட்டையாயிடும்" என்றாள் ஒருநாள்.

அவளுக்கு மற்ற எதைப் பற்றியும் கவலை இல்லை. டிவி இல்லாமல் இருப்பாள், போன் இல்லாமல் இருப்பாள். பாட்டு இல்லாமல் அவளால் முடியாது. கல்யாணத்துக்கு முன்பே சபாக்களில் முன்வரிசைக்குச் சண்டை போட்டவள். மெஷினைப் போட்டுக்கொண்டு ரேடியோ கேட்டுப் பார்த்தாள். பேச்சு தெளிவாக இருந்ததாம். பாட்டு வந்ததும் கழற்றிவிட்டாள். "தகரத்துல ஆணியால கீறற மாதிரி இருக்கு" என்று சொல்லி ரேடியோவை அணைத்தாள்.

மார்கழி வந்தது. இந்த வருஷம் கச்சேரிக்குப் போக வேண்டாம், போனால் அழுவாள் என்று நான் நினைத்தேன். மகளும் அதையே சொன்னாள். மனைவி யாரையும் கேட்கவில்லை. புடவையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "வரேளா, தனியாப் போகட்டுமா?"

மந்தைவெளியிலிருந்து மயிலாப்பூர் சபாவுக்கு ஆட்டோவில் போனோம். மத்தியானக் கச்சேரி. பாடியவள் சின்னப் பெண், நல்ல சாரீரம் என்று எனக்குக் கேட்டது. மனைவி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் மேலே போகப் போக இவள் புருவம் சுருங்கியது. மெஷினைக் காதிலிருந்து எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள். விலை உயர்ந்த சாமான், தொலைந்துவிடும் என்றேன். காதில் விழவில்லை. கொஞ்சம் பொறுத்து என் பக்கம் சாய்ந்தாள். "வாயைத் திறக்கறா. ஒண்ணும் வரலை."

போய்விடலாமா என்று சைகை காட்டினேன். தலையை ஆட்டி மறுத்தாள்.

பிரதான உருப்படி முடிந்தது. பாடகி நிறுத்திக்கொண்டு மிருதங்கக்காரரைப் பார்த்துத் தலையசைத்தாள். தனி ஆவர்த்தனம், அதாவது மிருதங்கம் மட்டும் தனியாக வாசிக்கும் நேரம். இந்த ஊரில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு: எழுந்து காண்டீனுக்குப் போகலாம். நாற்காலிகள் கிறீச்சிட்டன. நானும் எழுந்தேன். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் ஒரு தனி ஆவர்த்தனத்தையும் உட்கார்ந்து கேட்டதில்லை. அந்த நேரத்தில் போனால்தான் வரிசையில் முன்னால் நிற்கலாம். அடையைச் சாப்பிட்டுவிட்டு அப்படியே வெளியே போனால்தான் கூட்டத்துக்கு முன்னால் ஆட்டோ கிடைக்கும். அது எங்கள் குடும்ப வழக்கம்.

அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்கோ."

"தனிதானேடி."

"அதான். இது எனக்குக் கேக்கறது."

நான் உட்கார்ந்தேன். அவள் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். மிருதங்கத்தின் இடது பக்கத்திலிருந்து அந்தக் கனத்த சத்தம் வர வர, அவள் முகம் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னது. மூன்று மாதமாக டம்ளரைத் தட்டித் தட்டி நான் தேடிய முகம் அதுதான்.

அப்படியும் என் மனம் சும்மா இருந்ததா? இல்லை. இந்தக் கீழ்ச் சத்தமும் போய்விட்டால் என்ன செய்வது என்று ஆரம்பித்துவிட்டது. தொடையில் தாளம் போட்டுக்கொண்டுதான் இருந்தேன், ஆதி தாளம், எட்டே எட்டு. ஒரு தட்டு, மூன்று விரல், தட்டித் திருப்பு, தட்டித் திருப்பு. டாக்டர் அறை ஞாபகத்துக்கு வந்த இடத்தில் விரல் தவறிவிட்டது. அவள் பார்த்தாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, சரியான இடத்தில் தட்ட வைத்தாள். அதற்குப் பிறகு வேறெதையும் நினைக்க இடம் இல்லை. நினைத்தால் கை தப்பும், தப்பினால் அவளுக்குத் தெரிந்துவிடும். சுண்டுவிரலை மடக்கும்போது சுண்டுவிரல்தான். மோதிர விரலுக்கு அவசரப்பட்டுப் பிரயோஜனமில்லை.

அடையாறு இளைஞருக்கு இதைச் சொல்ல வேண்டும். எண்ணினால் மனம் ஓடிவிடும் என்றார். எண்ணியதால்தான் அன்றைக்கு என் மனம் அந்த நாற்காலியில் இருந்தது. நான் எண்ணுவதை விடப்போவதில்லை. மூச்சைக் கவனிக்கிறவர்கள் கவனித்துக்கொள்ளட்டும்.

கடைசிக் கோர்வை வந்தது. மூன்று முறை வாசித்து, மூன்றாவது முறைதான் தாளத்தின் தொடக்கத்தில் கொண்டுவந்து முடிப்பார்கள். ஒருபோதும் உட்கார்ந்து கேட்காதவனுக்கு அது எப்படித் தெரியும்? இரண்டாவது முறையிலேயே முடிந்துவிட்டதென்று நினைத்து "பேஷ்" என்று பலமாகக் கை தட்டிவிட்டேன். காலியாகக் கிடந்த அரங்கத்தில் அது எதிரொலித்தது. முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் முழுதாகத் திரும்பி என்னைப் பார்த்தார். மேடையில் மிருதங்கக்காரர் வாசிப்பை நிறுத்தாமல் சிரித்தார். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு, அசடே" என்றாள், கொஞ்சம் உரக்க. தன் குரலின் அளவு அவளுக்கு இப்போது தெரிவதில்லை. பெரியவர் மறுபடி திரும்பினார். திரும்பட்டும்.

மூன்றாவது முறை அவள் தட்டிய பிறகு தட்டினேன்.

வெளியே வந்தபோது அடை தீர்ந்திருந்தது. ஆட்டோவும் இல்லை. கடைசியில் வந்த ஓர் ஆட்டோக்காரர், "இன்னா சார், எல்லாரும் போய்ட்டாங்க, நீங்க மட்டும் நிக்கிறீங்க? சபாவைப் பூட்டிக்கினு போற ஆளா நீங்க?" என்றார். மனைவிக்கு அதில் பாதிதான் கேட்டது. அதற்கே சிரித்தாள்.

இரவு மகள் போனில் பிடித்துக்கொண்டாள். மெஷினை ஏன் கழற்றவிட்டாய், டாக்டர் என்ன சொன்னார், அம்மாவை ஏன் வருத்துகிறாய். டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும் என்றேன். கீழ்ச் சத்தம் கேட்கிறது என்று அவர்தான் சொன்னார். கேட்கிற வரைக்கும் கேட்பாள்.

அந்த மார்கழியில் அதன் பிறகு ஆறு கச்சேரிகளுக்குப் போனோம். ஆரம்பத்திலேயே போவதை விட்டுவிட்டோம். கேட்காத பாட்டுக்கு முன்னால் அவள் உட்கார்ந்து ஏங்க வேண்டியதில்லை. பிரதான உருப்படி முடிகிற நேரமாகப் பார்த்துப் போவோம். எல்லோரும் வெளியே வரும் கதவில் நாங்கள் உள்ளே நுழைவோம். இடிப்பார்கள், முறைப்பார்கள்.

கடைசி நாளன்று வாசலில் நின்ற ஒரு சபாக்காரர் வழிமறித்தார். "மாமா, மெயின் முடிஞ்சிடுத்து. தனிதான் போயிண்டிருக்கு. காண்டீன் அந்தப் பக்கம்."

"தெரியும். கொஞ்சம் நகருங்கோ."

"ஒண்ணும் பெரிசா இல்லை மாமா, இன்னும் கால் மணிதான்."

மனைவிக்கு அவர் சொன்னது கேட்கவில்லை. திறந்த கதவு வழியாக வந்தது மட்டும் கேட்டது. அவரைச் சுற்றிக்கொண்டு எனக்கு முன்னால் உள்ளே போனாள்.