அட்டவணை போட்டு ஓடியவர்

எனக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எண்பதுகளின் தொடக்கம். என் வீட்டுக்காரர் தா.பழூரில் பள்ளிக்கூட வாத்தியார். அந்தப் பொங்கலுக்கு கங்கைகொண்ட சோழபுரத்து இளைஞர்கள் புதுசாக ஒரு போட்டி வைத்தார்கள். ஏரியின் ஒரு மூலையை நீந்திக் கடக்கணும். ஈரத்தோடு சைக்கிள் ஏறி ஜெயங்கொண்டம் போய்த் திரும்பணும். அப்புறம் ஊரைச் சுற்றி ஓடணும். மூன்றையும் ஒரே ஆள் செய்யணும்.

பேர் கொடுத்த அன்றைக்கே இவர் அட்டவணை போட்டுவிட்டார். திங்கள் நீச்சல், செவ்வாய் சைக்கிள், புதன் ஓட்டம், வியாழன் ஓய்வு. சுவரில் ஒட்டியது அவர், நடத்தியது நான். விடியுமுன் அவரை எழுப்பணும், ஊறவைத்த கொண்டைக்கடலையை எடுத்து வைக்கணும், வாய்க்கால் கரையில் கடிகாரத்தோடு நிற்கணும். ஓய்வு நாள் அவருக்கு மட்டும்தான்.

என் கொழுந்தனும் பேர் கொடுத்திருந்தார். எட்டு மணிக்கு எழுந்து இட்லிக்கு உட்காரும்போது, "ஓடறதுக்கு எதுக்குண்ணே டைம்டேபிள்? நாய் தொரத்துனா அதப் பாத்துட்டா ஓடுறோம்?" என்பார்.

"நாய் தினமும் தொரத்தாதுடா. ஆசைக்கு ஓடுறவனுக்குத்தான் திட்டம் வேணும்" என்பார் இவர்.

இவர் சொல்வதுதான் சரியென்று எனக்கும் பட்டது.

போட்டியன்று கொழுந்தன் தண்ணீரிலிருந்து முதல் ஆளாக ஏறினார். சைக்கிளிலும் அவர்தான் முன்னால். ஓடத் தொடங்கிய கொஞ்ச தூரத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள, கரும்பு வண்டி ஒன்றில் ஏறி வந்து சேர்ந்தார். இவர் அட்டவணையில் பழகிய வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. முடித்தவர்களில் கடைசிக்கு முந்தினவர்.

ஜெயித்தவர் லெப்பைக்குடிக்காட்டுக்காரர், துபாயிலிருந்து லீவில் வந்தவர். இவர் நேராக அவரிடம் போனார்.

"பயிற்சியெல்லாம் எப்படி எடுத்தீங்க?"

"பயிற்சியா? அதெல்லாம் இல்ல சார். வூட்ல இருந்தா பொண்ணு பாக்கப் போலாம்ங்குறாங்க அம்மா. அதான் காலையிலேயே சைக்கிள எடுத்துக்கிட்டுக் கெளம்பிடுவேன். ஆத்துல நீஞ்சிட்டு, சுத்திட்டு, வெயில் ஏறுனப்புறம்தான் வூட்டுக்குப் போறது."

"தினமுமா?"

"அவங்க தினமும் கேக்குறாங்களே சார். இன்ஷா அல்லாஹ், லீவு முடியுற வரைக்கும் தப்பிச்சிட்டாப் போதும்."

சைக்கிளை பஸ் கூரையில் ஏற்றிவிட்டுத் திரும்பினோம். இவர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, "அதுவும் ஒரு திட்டம்தான்" என்றார்.

அடுத்த பொங்கலுக்கு இவர் ஓடவில்லை, நடுவராகப் போனார். கொழுந்தன்தான் அட்டவணை கேட்டு வந்தார். எனக்கு அப்போது மசக்கை, விடியுமுன் யாரையும் எழுப்பிவிட முடியாது. அதனால் இவர் எல்லாப் பயிற்சியும் எட்டு மணிக்கு மேல் என்று மாற்றி எழுதிக் கொடுத்தார். கொழுந்தன் அந்தத் தடவை வண்டி ஏறாமல் ஓடி முடித்தார். எத்தனையாவதாக வந்தார் என்று அண்ணனும் சொல்லவில்லை, தம்பியும் சொல்லவில்லை.